பின்சுவர்ப் பாத்தி

இரண்டு கோழிகள் செத்துவிட்டன. மூன்றாவது கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடியது.

"வெயில்தான்" என்றாள் அம்மா. பள்ளிக்கூடச் சமையலறைக்கு மதியத்துக்குள் கீரை தருவதாகச் சொல்லியிருந்தாள். முதல் அறுவடை. குந்தியபடியே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டுக் கோழிக்கு மட்டும் குடையா பிடிச்சிருக்காங்க? அது ஜோரா மேயுதே!" என்றாள் மகள். ஐந்தாம் வகுப்பு. வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு வாயாடி என்றே பெயர். "நம்ம கோழிங்க இந்தப் பாத்தியிலதான் புழு தின்னுச்சு."

பாத்தி பின்சுவரை ஒட்டி இருந்தது. போன மாதம்தான் கொத்தி எரு போட்டிருந்தார்கள்.

அப்பா படியில் உட்கார்ந்து இருமினார். பதினோரு வருடம் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடித்தவர். மூச்சுக் கெட்டு, வேலையை விட்டு மூன்று வருடமாகிறது.

"அப்பா, வேலைக்குப் போனப்ப மருந்து டேங்கை எங்க கழுவுவீங்க?"

அவர் பின்சுவரைப் பார்த்தார்.

"மூணு வருஷ மழை பேஞ்சுடுச்சே! மண்ணைச் சோதிச்சவங்களும் ஒண்ணும் இல்லைன்னாங்க" என்றாள் அம்மா.

"அது கொத்துறதுக்கு முன்னாடி" என்றார் அப்பா. "மருந்து மண்ணோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். சோதனையில சிக்காது. கிளறி எரு போட்டா, பிடி விட்டு வெளிய வரும். போயிருக்கும்னு நெனைச்சேன். நீ ஆசையா நட்டே. சொல்ல வாய் வரலை."

"நல்ல நேரத்துலதான் வாய் வருது உங்களுக்கு!" அம்மா கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். "நாலு வாரம் தண்ணி சுமந்தேனே."

"எங்க வகுப்புல முப்பத்தாறு பேர்ம்மா" என்றாள் வாயாடி. "என் பென்சிலைத் திருடினவன்கூட இதைத் தின்னக் கூடாது."

 அம்மா கட்டுகளையெல்லாம் புதைப்பதற்காகக் கோணியில் திணித்தாள்.

"மண்ணு எப்பப்பா சரியாகும்?"

"கண்ணுக்குத் தெரியாத உயிருங்க மண்ணுல இருக்கு. வெளிய வந்த மருந்தை அதுங்கதான் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கணும். ஒரு வருஷமோ, ரெண்டோ. ஈரம் காயாமப் பார்த்துக்கணும். எதையும் பறிக்கக் கூடாது."

"நமக்குச் சோறு போடாத மண்ணுக்கு நாம வேலை செய்யணுமா?"

"ஆமா."

வாயாடி பள்ளிக்கு ஓடிப்போய்ச் சமையல்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா வெறும் பாத்திரத்தைப் பார்த்தாள். "இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? இனிமே உங்க வீட்டுக் கீரை வேண்டாம்" என்றாள்.

மதியம் தட்டில் சோறும் பருப்பும் மட்டும் விழுந்தன.

"யாரோ கீரை தர்றேன்னு ஏமாத்திட்டாங்களாம்" என்று பக்கத்தில் இருந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, வாயாடி தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.