யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்

வக்கீலம்மாவின் வீட்டுக்கு வந்த பல் டாக்டர் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அண்ணன் போய் மூணு வாரம் ஆகுது, மேடம். மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டார்னு போலீஸ்ல ஃபைலை மூடிட்டாங்க. என்னாலதான் மூட முடியல. தினம் அவர் குரல் கேக்குது. பிரமைன்னு நினைச்சுடாதீங்க. நானேதான் போட்டுக் கேக்கறேன்."

அண்ணன் ஆங்கில ஆசிரியர். மாணவர்களுக்காகத் தன் குரலில் பாடங்கள் பதிவு செய்து வைத்திருந்தார். கடைசிப் பாடத்தைப் பதிவு செய்த அன்றுதான் அவருடைய பிறந்தநாள்.

வக்கீலம்மா கண்களைப் பாதி மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கிரிமினல் கோர்ட்டில் வாதாடிய காலத்தில், அவர் தூங்குவதாக நினைத்து வாயைவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். இப்போது ஓய்வு. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய தம்பி. அவரும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்தான். மூச்சு விடாமல் பேசுவதால் மாணவர்கள் வைத்த பெயர் கமா சார்.

"அன்னைக்கு சாயங்காலம் டீக்கு வாங்கன்னு நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்" என்றார் டாக்டர். "என்னை, அவர் மகளை, அண்ணியோட தம்பியை, டியூஷன் சென்டர் பார்ட்னரை. ஒருத்தரும் போகல. நானும்தான் போகல. பல்வலியோட ஒரு பேஷன்ட் வந்துட்டார். அண்ணி காலமானதுலேர்ந்து அவர் தனியாத்தான் இருந்தார். விடிஞ்சதும் பேப்பர் போடறவர் பார்த்திருக்கார். படிக்குக் கீழே கிடந்தாராம். வாக்கிங் கிளம்பி, மழை ஈரத்துல வழுக்கியிருப்பார்னு சொன்னாங்க. நான் ஆசையா வாங்கிக் கொடுத்த ஷூவைத்தான் போட்டிருந்தார். புதுசு, லேஸ்கூட இறுக்கமா கட்டியிருந்தது. கடைசியிலயாவது அதைப் போட்டாரேன்னு எனக்கு ஒரு ஆறுதல்."

"அப்புறம் ஏன் சந்தேகம்?" கமா சாருக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் கைப்பையிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார். "நேத்துதான் கைக்கு வந்தது. போலீசைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது. விழுந்தது காலையில இல்ல, முந்தின ராத்திரியே. போலீஸ்ல கேட்டா, அப்போ ராத்திரி உலாத்தப் போயிருப்பார்ங்கறாங்க. அந்த மழையிலயா?"

வக்கீலம்மா கண்ணைத் திறந்தார். "வராதவங்க மூணு பேரும் என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"அதை எப்படி மறப்பேன்? துக்கம் விசாரிக்க வந்தப்ப ஒவ்வொருத்தரும் அதைத்தான் சொன்னாங்க. மகள், 'போயிருக்கலாம் அத்தை. வேணும்னுதான் போகல. அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவர் கிளாஸ்ல இருந்தாரே, அதுக்கு இது சரியாப்போச்சு'ன்னா. அண்ணியோட தம்பிக்கு வண்டி பஞ்சர், குடையைக் காணோம், முட்டிவலி, எல்லாம் ஒரே நாள்ல. பார்ட்னர் அழுதுட்டார். 'மனசே ஆறல டாக்டர். ராத்திரி பூரா சிநேகிதர் வீட்டுல சீட்டாடிக்கிட்டிருந்தேன். அவரையே கேட்டுப் பாருங்க. இப்படி ஆகும்னு தெரியாமப் போச்சே'ன்னார்."

பார்ட்னர் சொன்னதை மட்டும் வக்கீலம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "அண்ணன் வீட்டைப் பார்க்கலாமா?" என்று எழுந்தார்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் அடைபட்ட காற்றின் வாடை அடித்தது. மேஜையில் ஐந்து கோப்பைகள் கவிழ்த்தபடியே இருந்தன. வெட்டப்படாத கேக்கை டாக்டர் எப்போதோ எறிந்திருந்தார். அது இருந்த தட்டைச் சுற்றி எறும்புகள் இன்னும் அலைந்தன. நாற்காலிகள் வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. யாரோ இப்போதும் காத்திருப்பதுபோல் இருந்ததால் கமா சார் அவற்றில் உட்காரவில்லை.

"அக்கா, இங்க பாருங்க. சட்டையில எல்லாம் பொத்தானுக்குப் பதில் அழுத்தற பட்டன். ஸ்பூனோட பிடியில துணி சுத்தியிருக்கு. வாசல்ல வெறும் செருப்புதான், கட்டற வாரே இல்லாதது."

"போன வருஷம் லேசா பக்கவாதம் வந்தது" என்றார் டாக்டர். "வலது கை முழுசா தேறல. பேச்சும் கொஞ்சம் நிதானமாயிடுச்சு."

வக்கீலம்மா அவரையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் டாக்டருக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"லேஸ்..." என்றார். "அவரால லேஸ் கட்ட முடியாது. அதனாலதான் அந்த ஷூவைப் போடவே இல்ல. எனக்கு இது ஏன் தோணல?"

"அது உங்களுக்கு ஆறுதலா இருந்ததே, அதனாலதான்" என்றார் வக்கீலம்மா.

இரண்டு நாள் கழித்து அதே அறையில் எல்லோரும் கூடினார்கள். மகள் கைகளைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். அண்ணியின் தம்பி முட்டியைத் தடவியபடி சோபாவில் சாய்ந்திருந்தார். பார்ட்னர் சாந்தமான முகத்துடன் தலையைக் குனிந்திருந்தார்.

வக்கீலம்மா கண்காட்ட, டாக்டர் அண்ணனின் கடைசிப் பாடத்தை ஓடவிட்டார். இறந்தவரின் குரல் நிதானமாக, சற்றே குழறலாக அறையை நிரப்பியது.

"எல்லாத்துக்கும் சாக்குன்னு ஒரே வார்த்தையைப் போட்டுட்டுப் போயிடறோம். இங்கிலீஷ்ல அப்படிப் போக முடியாது. நடந்தது தப்புதான், ஆனா என் கையில இல்லன்னா, அது எக்ஸ்கியூஸ். நான்தான் செஞ்சேன், செஞ்சது சரிதான்னா, அது ஜஸ்டிஃபிகேஷன். உள்ள ஒரு எண்ணத்தை வச்சுக்கிட்டு, செய்யறதுக்கு முன்னாடியே வெளியில வேற காரணம் காட்டினா, பிரீடெக்ஸ்ட். அலிபின்னா வேற இடத்துல இருந்தேன்னு அர்த்தம். லேட்டா வந்தவன்கிட்ட 'என்னப்பா அலிபி'ன்னு கேக்கறது சரியில்ல. குற்றம் நடந்த நேரம்னு ஒண்ணு இருந்தாத்தான் அலிபிக்கு வேலை."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க மூணு பேர்கிட்டயும் இருந்த கேள்வி ஒண்ணுதான்" என்றார் வக்கீலம்மா. "சாயங்காலம் டீக்கு ஏன் வரல? மகள் சொன்னது ஜஸ்டிஃபிகேஷன். கல்நெஞ்சுதான், ஆனா கேட்ட கேள்விக்குப் பதில். ஐயா சொன்னது எக்ஸ்கியூஸ்."

"முட்டிவலி நெசம்தாங்க" என்றார் அண்ணியின் தம்பி அவசரமாக.

"இருக்கட்டும். பார்ட்னர் சார் மட்டும்தான் டீயைப் பத்தி வாயே திறக்கல. ராத்திரி பூரா எங்கே இருந்தேன்னு சொன்னார். சாட்சியும் சொன்னார். அது அலிபி. காலையில வாக்கிங் போறப்ப விழுந்தார்னு ஊரே நம்பிக்கிட்டிருந்த நேரத்துல, ராத்திரிக்கு எதுக்கு சார் அலிபி?"

பார்ட்னர் சிரிக்க முயன்றார். "அழுகையில ஏதோ வாய்தவறி வந்திருக்கும், மேடம்."

"அப்படியும் இருக்கலாம்னுதான் உங்க சிநேகிதரைப் பார்த்தேன். ஆட்டத்துக்கு நடுவுல சிகரெட் வாங்கப் போனீங்களாம். ரொம்ப நேரம் கழிச்சு தொப்பலா நனைஞ்சு வந்தீங்களாம். வெறுங்கையோட." வக்கீலம்மாவின் குரல் உயரவே இல்லை. "அவரால லேஸ் கட்ட முடியாது, சார். அந்த ஷூவை யாரோ போட்டுவிட்டிருக்காங்க. விழுந்தது காலையிலன்னு நினைக்க வைக்கணும்னு."

பார்ட்னரின் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன.

"வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன். உடம்பைப் பார்த்துக்கங்க, கொஞ்ச நாள் கிளாஸ் வேணாம்னு நான் அவரை நிறுத்தி வச்சிருந்தேன். அது அக்கறை இல்ல, பேச்சு குழறுதுன்னு பேரன்ட்ஸ் சொன்னதாலன்னு எப்படியோ தெரிஞ்சுக்கிட்டார். 'நீங்க எனக்குச் சொன்னது பிரீடெக்ஸ்ட்'னார். சொல்லிட்டு சிரிச்சார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல. வெளியே வந்துட்டேன். படி வரைக்கும் வந்து சட்டையைப் பிடிச்சார். கையை உதறினேன். தள்ளல, சத்தியமா தள்ளல."

"உடனே ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே!" கமா சார் ஓரடி முன்னால் வந்தார்.

"பயம். நான் வந்ததே தெரியக்கூடாதுன்னு தோணுச்சு. மேலே போய் ஷூவை எடுத்துட்டு வந்தேன்."

டாக்டர் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கு" என்றார். "நீங்க லேஸ் கட்டினப்ப அண்ணன் முழிச்சிருந்தாரா?"

பார்ட்னர் தலையை அசைத்தார். ஆமாம் என்று.

"பேசினாரா?"

"'பரவாயில்ல'ன்னார்."

மகள் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். "அப்பா அப்படித்தான் சொல்வார். யார் என்ன செஞ்சாலும் அப்படித்தான். நான் போன்ல கத்தினப்பகூட..."

"ஆமா, அப்படிச் சொல்லக்கூடியவர்தான்" என்றார் டாக்டர், பார்ட்னரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அது இவருக்கும் தெரியும். அதான் எனக்கு நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

வக்கீலம்மா போலீசுக்குப் போன் செய்துவிட்டு ஜன்னலருகே போனார். கமா சார் அக்காவின் காதருகே குனிந்தார். "அது நெசமா இருக்குமாக்கா?"

"தெரியலப்பா." அக்காவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் அதிகம் கேட்டதில்லை.

பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே."

பார்ட்னர் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். "இல்ல, மறுபடியும்." அவர் மறுபடியும் சொன்னார். ஒரு முறை மன்னிப்பதுபோல் கேட்டது, ஒரு முறை முனகல்போல், ஒரு முறை கேள்விபோல். ஜீப் வந்து நின்ற சத்தம் கீழே கேட்ட பிறகும், டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அந்நியக் குரலுக்குள் தன் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தார்.