கட்டி அவிழ்த்த வேட்டி

படையல் பெட்டியைத் திறந்ததுமே செல்வத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. போன மாசியில் அவரே கோடி வேட்டியை நாலாக மடித்து உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். சாவி வருஷம் முழுக்க அவர் அரைஞாணில்தான் கிடந்தது. இப்போது அந்த வேட்டி யாரோ கட்டி அவிழ்த்துப் போட்டதுபோலக் கசங்கி, கரையெல்லாம் சேறாக இருந்தது. புதுவயல் அரிசி மில்களிலிருந்து வரும் அவித்த நெல்லின் வாடையையும் மீறி, பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம் அதிலிருந்து வந்தது.

வேட்டி வீரணனுக்கு உரியது. செல்வத்தின் தாத்தாவுக்கு அண்ணன். எண்பது வருஷத்துக்கு முன் பர்மா சண்டையில் செத்தவர். உடம்பு ஊர் வந்து சேரவில்லை. மாசிப் படையலில் பழைய வேட்டியை எடுத்துவிட்டு அவருக்குப் புதுசு வைப்பார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் வேட்டியோடு சேலையும் வைப்பது முறை. இந்த வீட்டில் சேலை வைத்ததே இல்லை. வைத்தால் வீரணனுக்கு மீனம்மாள் என்று ஒரு பெண்டாட்டி இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளைத்தாய்ச்சியான அவளைக் கொல்லைக் கிணற்றில் தள்ளியது தாத்தாதான். வீரணன் செத்த தந்தி வந்த வாரத்திலேயே, சொத்தில் பங்குக்கு ஆள் வந்துவிடக் கூடாதென்று காரியத்தை முடித்துவிட்டார். பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை என்று ஊருக்குச் சொன்னார். சாகும்போது பேரனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, வாயைத் திறக்காதே என்றும் சொன்னார். செல்வம் கெட்டிக்காரர், திறக்கவில்லை. கிணற்றைப் பலகை அடித்து மூடினார். வயிறாரச் சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார்.

போன மாதம், சண்டையில் செத்தவர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பும் சங்கத்திலிருந்து அனுசுயா என்ற பெண் வீரணனின் குடும்ப விவரம் கேட்டாள். கல்யாணமாகாதவர் என்று எழுதி, வீட்டு முகவரியையும் வழியையும் தெளிவாகக் குறித்துக் கொடுத்தார். இப்போது அவளே போனில் வந்தாள். பட்டாளத்துப் பழைய தாள்களுக்குள் வீரணனின் கடுதாசி ஒன்று கிடைத்திருக்கிறதாம்.

"பொண்டாட்டி மீனம்மா மாசமா இருக்கா, நான் வர்ற வரைக்கும் அவளைப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னு எழுதியிருக்காகய்யா. அவுக யாருன்னு சொன்னீகன்னா தூண்ல பேரைச் சேத்துறலாம்."

"அப்படி யாரும் கெடையாது தாயி," என்று போனை வைத்தார்.

கொல்லையில் கிணற்று உருளை கிறீச்சிட்டது. பலகை அடித்த நாளிலிருந்து அதில் கயிறே கிடையாது. காற்றாக இருக்கும் என்று நினைத்தார், ஆனால் கொடியில் கிடந்த துணி ஒன்றுகூட அசையவில்லை. உருளை மறுபடி சுற்றியது. பாரத்தோடு, நின்று நின்று சுற்றியது. அவர் மனைவி இலை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் மகள் பூஜா மட்டும்தான். வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்கு வந்திருந்தாள்.

"அப்பா," என்று கொல்லையிலிருந்து அவள் குரல் வந்தது. "இங்குட்டு ஒருத்தர் நிக்கிறாக. உடம்பெல்லாம் சேறு. மீனம்மா எங்கன்னு கேக்குறாகப்பா."

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். வீடும் வயலும் ஒரு கணம் அவர் கண்ணில் வந்து போயின.

"அப்படி யாரும் இல்லைன்னு சொல்லிட்டு நீ உள்ள வா."

அவள் அதை யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது.

"அப்ப என்னைய வரச் சொல்றாகப்பா."

ஓடினார். நிலைப்படியில் கால் இடறியது. கொல்லை. வெயில். ஒருவரும் இல்லை. கிணற்றுப் பலகைகள் அப்படியே இருந்தன. ஓர் ஆணிகூட அசையவில்லை. அவற்றின் மேல் பூஜாவின் செருப்பு, ஜோடியாக.

கூப்பிட்டார். பின்னால், சாமி அறையில், பெட்டியின் மூடி விழும் சத்தம்.

பெட்டி பூட்டியிருந்தது. சாவி இடுப்பில். திறந்தார்.

வேட்டி கோடி மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது. அதன் பக்கத்தில், முறைப்படி, ஒரு சேலை. காலையில் பூஜா கட்டியிருந்த பச்சைச் சேலை. நாலாக மடித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட. மேலே அவளுடைய வளைகாப்பு வளையல்கள், ஒன்றுகூட உடையாமல்.