பச்சைத் திருகு

ஜெனிபா பல் தேய்த்து முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு அறிவியலும் முடிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் இருந்த அறிவொட்டு, பாடத்தை மூளைக்குள் இறக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிஞ்சுது" என்றது அவள் காதுக்குள் கேட்டது. அவளும் வாய் நிறைய நுரையோடு சொன்னாள். செவ்வாய்க் குடியிருப்பில் படிப்பு என்றால் இதுதான்.

அம்மா அமலோற்பவம் பூமியில் ஆசிரியையாக இருந்தவள். இங்கே கல்விக் கொள்கை ஆய்வாளர். அந்த 'புரிஞ்சுது'வின் லட்சணம் அவளுக்கு அத்துப்படி.

"நாளைக்குக் குடியிருப்புக்கு வெளியே போறப்ப உடுப்புல காத்து முள் சிவப்புக்கு வந்தா என்ன செய்வே?"

"பச்சைத் திருகைத் திறக்கணும்."

"அது எங்கே இருக்கு?"

ஜெனிபா நுரையைத் துப்பினாள். "தெரியலம்மா. புது உடுப்பாம், நாளைக்குத்தான் தருவாங்களாம்."

"ஏன்டி கேக்கல?"

"யாருமே கேக்கலையே. நான் மட்டும் கேட்டா சிரிப்பாங்க."

போன வருடம் வெளியே போன குழந்தைகளில் ஒருவன் திரும்பி வரவில்லை. அவனும் 'புரிஞ்சுது' என்றவன்தான். அன்றிலிருந்து அமலோற்பவம் ஆய்வறிக்கை எழுதாத மாதமில்லை. எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: பிள்ளைகள் வாய்விட்டுச் சந்தேகம் கேட்க, மனித ஆசிரியரோடு ஒரு மணி நேரம் கொடுங்கள். யாரும் சட்டை செய்யவில்லை.

மகளிடம் பேசிய அன்றே கல்விக் குழுவின் முன் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினாள்.

"பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைங்க சார். பச்சைத் திருகு எங்கே இருக்குன்னே பிள்ளைங்களுக்குத் தெரியல."

தலைவர் நடேசமூர்த்தி பொறுமையாகச் சிரித்தார்.

"ரொம்ப சுலபம் மேடம். துணை அழுத்தச் சுற்றோட எதிர்முனைப் பிணைப்புல, இரண்டாம் நிலை மடைக்கு நேர் பின்னாடி. புரிஞ்சுதா?"

குழு உறுப்பினர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அமலோற்பவத்துக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. முதுகிலா, இடுப்பிலா? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைக்க மாட்டார்களா?

"புரிஞ்சுது சார்" என்றாள்.