கோட்டுக்கு வெளியே ஒரு குரல்

வாண்டுவின் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது.

அது அவர் குற்றமில்லை. அவர் துணி ஆலையில் வேலை பார்க்கிறார். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவரிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்திக் கத்தி அதுவே பழகிவிட்டது. காதும் கொஞ்சம் மந்தம். வீட்டுக்கு வந்து அவர் ரகசியம் சொன்னால்கூட, மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "அப்படியா சேதி?" என்பார்.

வாண்டு வாலிபால் ஆடுகிறாள். பள்ளி அணியிலேயே குள்ளமானவள் அவள்தான். அதனால் வந்த பெயர் அது. ஆனால் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் விரல்நுனி பட்டு எழும்பும் பந்து, 'வா, வந்து என்னை அடி' என்பதுபோல வலைக்கு மேலே மிதக்கும். அணித்தலைவி நெட்டை ஓடிவந்து ஓங்கி அடிப்பாள். நெட்டையும் வாண்டுவும் நகமும் சதையும்போல.

மகள் ஆடும் எந்த ஆட்டத்தையும் அப்பா தவறவிட்டதில்லை. ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றிக்கொண்டாவது வந்துவிடுவார். அவளுடைய சீருடையைத் துவைத்துத் தேய்த்து வைப்பதும் அவர்தான். ஆலையின் நீலச் சட்டையோடு, கோட்டுக்கு வெளியே முதல் ஆளாக நின்றுகொள்வார்.

"தூக்கும்மா கண்ணு! அப்படித்தான்! அடி சக்கை!"

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

"ஏம்மா ரெஃப்ரி! அது அவுட்டா? கண்ணத் தொறந்து பாரும்மா! விசில் ஊதத் தெரியலன்னா கீழ எறங்கு!"

இதையும் அவர்தான் சொல்வார்.

அணிப் பெண்கள் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "வாண்டு, இன்னைக்கு மைக்செட் வருதா?" என்று யாராவது கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். வாண்டுவும் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு, அவிழாத காலணி நாடாவைக் குனிந்து மறுபடி கட்டுவாள்.

ஒருமுறை, நான்கு மணி ஆட்டத்தை ஐந்து மணிக்கு என்று அப்பாவிடம் மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். மைதானத்துக்குப் போனால், அவளுக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"நேரத்த மறந்துட்டியே கண்ணு! நல்லவேளை, நான் கோச் மிஸ்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன்!" என்றார் பெருமையாக.

அந்த வருடம் நடுவராகப் புதிதாக ஓர் அக்கா வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். பிள்ளைகள் அவளை 'விசில் அக்கா' என்று கூப்பிட்டார்கள். வலைக்கம்பத்தின் அருகே இருந்த உயரமான மேடையில் ஏறி நின்று, கைகளை அழகாக நீட்டி மடக்கிக் காட்டுவாள்.

சனிக்கிழமை ஆட்டத்தில் விசில் அக்கா ஒரு தப்புச் செய்தாள். நெட்டை அடித்த பந்து கோட்டின்மேலேயே விழுந்தது. அக்கா "அவுட்" என்று கை காட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். அப்பா பிடித்துக்கொண்டார். அந்தப் பந்துக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார். அவரைப் பார்த்து இன்னும் சில அப்பாக்களும் அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். போகப் போக, அக்காவின் விசில் சத்தம் தேய்ந்து எறும்பாகிவிட்டது.

வாண்டுவின் கைகளும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. எப்போதும் மிதக்கும் பந்து, கண்ட பக்கமெல்லாம் ஓடியது. எப்படியோ தட்டுத் தடுமாறி அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வாண்டு தண்ணீர் குடிக்க மைதானத்துக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள். அங்கே விசில் அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன.

"சோப்பு பட்டிருச்சு" என்றாள் அக்கா.

அங்கே சோப்பே இல்லை. வாண்டு அதைச் சொல்லவில்லை.

"அந்த நீலச் சட்டைக்காரர் யாரோட அப்பா? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா? நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"எங்க அப்பாக்கா" என்றாள் வாண்டு, தன் காலணியைப் பார்த்துக்கொண்டு.

அக்கா குழாயை இறுக்கி மூடினாள்.

"அந்த ஒரு பந்து என் தப்புதான். கை காட்டின உடனே எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்கப்புறம் பந்து வர்றப்பல்லாம், இப்ப அவர் என்ன சொல்லப் போறாரோன்னுதான் நெனச்சேன். பந்தையே பாக்கல."

வாண்டு சட்டென்று நிமிர்ந்தாள். "எனக்கும் அப்படித்தான்க்கா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ நல்லா ஆடற. விட்டுடாத" என்றாள் அக்கா. "நான்தான் இனிமே வரல."

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது, டம்ளர்களை வீராங்கனைகளாக நிறுத்திவைத்து, முழு ஆட்டத்தையும் அம்மாவுக்கு நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார் அப்பா.

"அப்பா, இனிமே கத்தாம இருக்கீங்களா?" என்றாள் வாண்டு. குரல் பாதிதான் வெளியே வந்தது.

"என்னது? இன்னும் கொஞ்சம் போடணுமா?" என்று கரண்டியை எடுத்தார் அப்பா.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அப்பா கை கழுவப் போனதும், "நான் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா. நீ சொன்னா சண்டையாயிரும். நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்றாளே தவிர, எப்படிச் சொல்வது? தூங்கும் வரைக்கும் யோசித்தாள். விழித்த பிறகும் யோசித்தாள். சொன்னால் அப்பாவின் முகம் வாடிப்போகும். அதை நினைத்தாலே வாய் ஒட்டிக்கொண்டது.

அடுத்து ஒரு பயிற்சி ஆட்டம் இருந்தது. அணியே இரண்டாகப் பிரிந்து ஆடும். சொன்னபடியே விசில் அக்கா வரவில்லை. யாரை நடுவராக நிறுத்துவது என்று கோச் மிஸ் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா முன்னால் வந்தார். "நான் ஊதறேன் மிஸ்! இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

நெட்டையின் கண்கள் பளிச்சென்று மின்னின. பெண்களை அருகே இழுத்தாள்.

"மாட்டிக்கிச்சுடி மைக்செட்! இன்னைக்கு ஒவ்வொரு பந்துக்கும் நாம கத்தறோம். 'ஏன் அங்கிள், கண்ணு தெரியலயா'ன்னு கேக்கறோம். அப்பத்தான் புத்தி வரும்."

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாண்டுவுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. நாம் சொல்ல முடியாததை இவர்கள் சொல்லிவிடுவார்கள். வேலை சுலபமாக முடிந்துவிடும்.

அவள் மேடையைப் பார்த்தாள். அப்பா விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கோட்டைப் பார்த்தார், அந்தக் கோட்டைப் பார்த்தார். இடது கையை நீட்டிப் பார்த்தார், பிறகு வலது கையை. முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"வேணாம்" என்றாள் வாண்டு.

"ஏன்? உங்க அப்பாங்கறதாலயா?"

"அதுக்கில்லடி. சுத்தி நின்னு கத்தினா பந்தே கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். விசில் அக்காவுக்கும் அப்படித்தான் ஆச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். அவரு என்ன சொன்னாலும், சரின்னு ஆடுவோம்."

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னாலும்."

"ரொம்பத்தான் பண்ற நீ!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நெட்டை. ஆனாலும் மற்றவர்களிடம், "சரி, யாரும் கத்தாதீங்க" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. அப்பா முதலில் பந்து வருவதற்கு முன்பே ஊதினார். அடுத்தது, பந்து விழுந்து உருண்டு வேலிக்கே போன பிறகு ஊதினார். ஒருமுறை பலமாக ஊதிவிட்டு, எதற்காக ஊதினோம் என்றே மறந்து நின்றார். பெண்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் வாண்டு அருமையான பந்து ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாள். நெட்டை எம்பிக் குதித்து அடித்தாள். பந்து மூலையில், கோட்டுக்கு உள்ளே, புழுதி பறக்க விழுந்தது. மண்ணில் வட்டமாகத் தடம் பதிந்தது.

அப்பாவின் கண்ணில் சாயங்கால வெயில் அடித்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"அ... அவுட்!"

நெட்டையின் வாய் திறந்தது. வாண்டு அவளையே பார்த்தாள். திறந்த வாய் மெல்ல மூடியது. நெட்டை ஓடிப் போய்ப் பந்தை எடுத்து, எதிர்ப்பக்கத்துப் பெண்ணிடம் உருட்டிவிட்டாள்.

"சரி அங்கிள்" என்றாள்.

யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்ததுபோல இருந்தது. பிறகு மெதுவாக விசிலை வாயில் வைத்தார். அதன் பிறகு அவர் ஊதியது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது.

ஆட்டம் முடிந்து கீழே இறங்கியவர், நேராக அந்த மூலைக்குப் போனார். மண்ணில் தடம் அழியாமல் இருந்தது. கோட்டுக்கு நன்றாக உள்ளே. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பேசவே இல்லை. அவர் பேசாமல் நடந்து வாண்டு பார்த்ததில்லை. தெருவே திடீரென்று அகலமாகிவிட்டதுபோல இருந்தது.

"அந்தப் பந்து உள்ளதான விழுந்துச்சு?" என்றார் ஒருவழியாக.

"ஆமாப்பா."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்புறம் ஏன் யாரும் ஒண்ணும் சொல்லல?"

"வேணும்னேவா அப்படிச் சொன்னீங்க? கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா சரியாத்தான சொல்லியிருப்பீங்க."

அப்பா நடையைக் குறைத்தார். இதுதான் நேரம் என்று வாண்டுவுக்குத் தோன்றியது. அவருடைய காதுக்கு எட்டும்படி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சு விசில் அக்கா அழுதாங்கப்பா. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"அழுதுச்சா அந்தப் பொண்ணு?" அப்பா நின்றுவிட்டார். "நான் உனக்காகத்தான கண்ணு கத்தினேன்..."

"தெரியும்பா. ஆனா நீங்க கத்தறப்ப எனக்கும் பந்து தெரிய மாட்டேங்குது."

அப்பாவின் முகம் வாடியது. அவள் பயந்த மாதிரியே. ஆனால் அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்தார்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். நீங்க கரண்டியத் தூக்கிட்டீங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும்போனது.

"அந்தப் பொண்ணு வீடு எங்க இருக்கு?"

விசில் அக்காவின் அம்மா, கடைவீதியில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தார். சாயங்காலத்தில் அக்காதான் அங்கே இருப்பாள். இருவரும் போனபோது கடையில் நல்ல கூட்டம். நீலச் சட்டையைப் பார்த்ததும் அக்காவின் கையிலிருந்த தாள்கள் நழுவின.

அப்பா தன்னால் முடிந்தமட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன மன்னிச்சிரும்மா!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர், என்னவோ ஏதோ என்று இரண்டடி தள்ளி நின்றார்.

"தப்பு என்மேலதான். கீழ நின்னுகிட்டு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். இன்னைக்கு அந்த மேடைல ஏறி நின்னேம்மா. நான் ஊதின லட்சணத்தக் கேட்டா நீ விழுந்து விழுந்து சிரிப்ப."

"நானும் அன்னைக்கு ஒரு பந்தத் தப்பாச் சொன்னேன் அங்கிள்" என்றாள் அக்கா.

"ஒண்ணுதான? நான் எத்தன தப்பாச் சொன்னேன்னு இவளக் கேளு."

"எண்ணலப்பா" என்றாள் வாண்டு. "நடுவுல விட்டுட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். கீழே கிடந்த தாள்களை வாண்டு பொறுக்கிக் கொடுத்தாள்.

"அடுத்த ஆட்டத்துக்கு வர்றீங்களாக்கா?"

"பாக்கலாம்" என்றாள் அக்கா. வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆனால் வந்தாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேடையில் ஏறும் முன் ஒரு முறை கோட்டோரம் பார்த்தாள். அப்பா இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவிழ்த்தால் வாயும் கூடவே திறந்துவிடும் என்று பயந்ததுபோல இருந்தது.

பாதி ஆட்டத்தில் பந்து ஒன்று கோட்டை உரசிக்கொண்டு விழுந்தது. அக்கா "அவுட்" காட்டினாள். அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் பொங்கிவிட்டார்.

"ஏம்மா ரெஃப்ரி..."

"விடுங்க சார்" என்று அவர் தோளில் கை போட்டார் அப்பா. "நம்மள விட அந்தப் பொண்ணு கிட்டத்துல நிக்குது. இங்க நின்னு பேசறது சுலபம். மேல ஏறிப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் காதோடுதான் சொன்னார். மைதானம் முழுக்கக் கேட்டது. மேடையில் நின்ற அக்கா, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த சர்வீஸை எதிரணிப் பெண் ஒருத்தி அடித்தாள். வலையை ஒட்டி வந்த பந்து சடக்கென்று வளைந்து, வாண்டுவின் கைக்கு எட்டாமல் விழுந்தது.

"அடேயப்பா! என்ன சர்வீஸ்மா அது!" அப்பா கட்டியிருந்த கைகளை அவிழ்த்துத் தட்டினார். அந்தப் பெண் திகைத்துப்போய், பிறகு வெட்கத்தோடு சிரித்தாள்.

நெட்டை வாண்டுவின் அருகே வந்து கிசுகிசுத்தாள். "ஏய் வாண்டு, மைக்செட் இப்ப எந்தப் பக்கம்டி?"

"ரெண்டு பக்கமும்தான்" என்றாள் வாண்டு. முழங்காலை வளைத்து, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றாள்.