பூங்கோதை பரிமாறிய வால்பாறை

பூங்கோதை வால்பாறையிலிருந்து வந்து இறங்கிய அன்று சாயங்காலமே பந்தி வைத்தாக வேண்டும் என்று அவள் கணவர் சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்றார். கோயம்புத்தூரில் இப்போது பந்தி என்றால் சோறு போடுகிற பந்தி இல்லை. கரிப்புகைச் சட்டம் வந்த பிறகு ஒரு வீட்டிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒருவர்தான் ஊர் சுற்றப் போகலாம். போய்வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து 'பரிமாறி' என்கிற பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு அரைத் தூக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். மற்றவர்களும் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தால் போதும். போனவர் பார்த்தது, கேட்டது, தின்றது எல்லாம் இவர்களுடைய நினைவிலும் வந்து சேர்ந்துவிடும். ஒருவர் போன புகையில் குடும்பமே போய்வந்துவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், யார் இல்லையென்றது?

முதல் வருடம் சென்னியப்பன்தான் போனார். மனுசன் பேருந்தில் ஏறியதும் தூங்கிவிட்டார். பந்தியில் உட்கார்ந்த மனைவிக்கும் மகளுக்கும் கிடைத்ததெல்லாம் ஜன்னல் கம்பியில் தலை இடித்த வலிதான். அதற்கப்புறம் வருடா வருடம் பூங்கோதையைத்தான் அனுப்பினார்கள்.

மகள் யாழிசைக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கல்லூரி விடுதிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது மூன்று பேரும் சேர்ந்து எங்காவது போகவேண்டும். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து வரணுங்கப்பா. பட்டையக் கட்டிக்கிட்டு இல்ல, நெசமாலுமே" என்று அவள் சொன்ன நாளிலிருந்து சென்னியப்பனுக்கு அது ஒரு வேண்டுதலாகவே ஆகிவிட்டது.

அதற்கும் சட்டத்தில் வழி இருந்தது. எல்லா வீட்டுச் சுவரிலும் ஓர் இலைமானி உண்டு. வீட்டுக் குப்பை, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். சிக்கனமாக இருக்க இருக்க, அதிலுள்ள இலை காம்பிலிருந்து மெல்லப் பச்சையாகிக்கொண்டு வரும். நுனி வரைக்கும் பச்சையாகிவிட்டால் குடும்பத்தோடு ஒரு பயணம் போகலாம்.

சென்னியப்பன் வீட்டையே தலைகீழாக மாற்றினார். சமையலுக்கு வெயிலடுப்பு. அரிசி களைந்த தண்ணீர் மொட்டைமாடிச் செடிக்கு. குப்பையை ரகம் ரகமாகப் பிரித்து, பிரித்ததைக் கழுவி, கழுவியதைக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். துணி துவைக்க இயந்திரம் கூடாது. தெருவே அவரைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தது. உத்தரவெல்லாம் அவருடையதுதான், ஆனால் வேலை செய்த கை பூங்கோதையுடையது. மேகம் மூடினால் வெயிலடுப்பைத் தூக்கிக்கொண்டு மாடியில் வெயிலைத் தேடி அலைந்தவள் அவள்தானே. இதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவளும் வாய் திறந்து சொல்லவில்லை.

அன்றைக்கு இலையில் நகக்கண் அளவுதான் பாக்கி. பூங்கோதை பட்டையைக் கட்டிக் கண் அயர்ந்த பிறகு, சென்னியப்பன் பரிமாறியின் பக்கவாட்டில் இருந்த வடிகட்டியை அணைத்தார்.

"அதை ஏனுங்கப்பா அமத்துறீங்க?" என்றாள் யாழிசை.

"சும்மா கரண்டக் குடிக்குது கண்ணு. போய்ட்டு வந்தவங்க மனசுக்குள்ள நெனச்சது நமக்கு வராம அரிச்சு எடுக்குமாம். உங்கம்மா சந்தோசத்துல என்ன கல்லும் மண்ணுமா கெடக்கப்போவுது? அப்படியே வரட்டும் போ."

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வடிகட்டியை அணைத்த ஆள் இந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முதலில் பனி வந்தது. தேயிலைச் சரிவு வந்தது. ஒரு டீக்கடை பெஞ்சு. யாரோ போட்ட டீயைப் பூங்கோதை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரைக் கழுவாமல் பெஞ்சின் மேலேயே வைத்தாள். அப்போது அவளுக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது பாருங்கள், சென்னியப்பனுக்கு மூச்சே நின்றுபோனது. கல்யாண நாளிலும் மகள் பிறந்த நாளிலும்கூட அவர் இப்படி ஒன்றை அனுபவித்ததில்லை. தோள் இரண்டும் தாமாகவே கீழே இறங்கின. அந்தச் சந்தோசத்துக்குள் அவர் தன்னைத் தேடினார். மகளைத் தேடினார். இரண்டு பேரும் அதில் இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்பிய நிமிடத்திலிருந்து அவள் இவர்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நினைத்தது திரும்பி வரும்போதுதான். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவு ஒன்றில் கீழே ஆழியாறு அணை தெரிந்ததும் அவளுக்குள் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. ஊறப்போட்ட துணி ஞாபகம் வந்தது. இலைமானி ஞாபகம் வந்தது. கடைசியாக இவர்கள் இருவரின் முகமும், அந்தக் கனத்தோடு கனமாக.

பட்டையை அவிழ்த்தபோது யாழிசையின் கன்னம் நனைந்திருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பூங்கோதை கண் விழித்தாள். "என்ன கண்ணு, டீ எப்படி இருந்துச்சு? இஞ்சி போட்டிருந்தாங்க, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. நல்லா இருந்துச்சு."

"சரி சரி, உள்ள போட்டது போட்டபடி கெடக்குது. நான் போய்ப் பாக்கறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு அவள் சமையலறைக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து இலைமானியில் சின்னதாக ஒரு மணி அடித்தது. இலை நுனிவரை பச்சையாகியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து சென்னியப்பன் கழுவப் போனார், காயவைக்கப் போனார். "அட விடுங்க, உங்களுக்கு ரகம் பிரிக்கத் தெரியாது. இவ்ளோ நாள் பட்ட பாடு வீணாயிரும்" என்று பூங்கோதை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த வேலைகளை அவளிடமிருந்து வாங்கவே முடியவில்லை. இதை முதல் வருடமே செய்திருக்கலாமே என்று அவர் மனதுக்குள் அடித்துக்கொண்டார். வடிகட்டி விஷயத்தை அவளிடம் சொல்ல அப்பாவுக்கும் தைரியம் இல்லை, மகளுக்கும் இல்லை.

கல்லூரி திறக்கிற வாரத்துக்கு முன்னால் மூன்று பேரும் கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டதற்கு வால்பாறை என்றார் சென்னியப்பன். "நான் இப்பத்தானுங்க போய்ட்டு வந்தேன்" என்றாள் பூங்கோதை. "பரவால்ல, நாங்க நேர்ல பாக்கலையே" என்றார் அவர். பேருந்தில் யாழிசை ஆசைப்பட்டபடியே நடுவில் உட்கார்ந்தாள். அப்பாவின் கையையும் அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். அம்மா மடியில் சாப்பாட்டுத் தூக்கு, காலடியில் வீட்டுத் தம்ளர்கள் வைத்த பை.

அதே டீக்கடை, அதே பெஞ்சு. பனியும் குறையில்லாமல் இறங்கியிருந்தது. டீ வந்தது. பூங்கோதை சிரித்தாள், பேசினாள், மகளின் தலையைத் துடைத்துவிட்டாள்.

"எதுக்குங்க என் மூஞ்சியவே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. சந்தோசமா இருக்கறயா?"

"இதென்ன கேள்வி? இதுக்குத்தானே இத்தன நாள் பாடுபட்டது? எனக்கென்ன கொறச்சல்?"

பொய் சொல்லவில்லை, பாவம். அவளுக்கு அது சந்தோசம்தான். ஆனால் சென்னியப்பனுக்கு இப்போது அந்த இன்னொரு சந்தோசம் என்னவென்று தெரியும். தன் நெஞ்சிலேயே ஒரு தடவை அதை வாங்கிப் பார்த்தவர் ஆயிற்றே. அது இங்கே இல்லை. டீ குடித்து முடித்த மகளின் தம்ளரை வாங்கிக் கழுவ அவள் கை நீண்டுகொண்டிருந்தது.

"வை புள்ள அத" என்றார். "நானும் கண்ணுவும் அந்த மேட்டுல ஏறிப் பாத்துட்டு வர்றோம். உனக்குத்தான் முட்டி வலிக்குமே, நீ உக்காந்திரு."

"நானும் வர்றேனுங்க."

"வேண்டாம்மா, நீங்க உக்காருங்க" என்றாள் யாழிசை. அவள் அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள்.

மேட்டில் ஏறி, ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே பெஞ்சில் பூங்கோதை இன்னொரு டீ வாங்கியிருந்தாள். குடித்தாள். தம்ளரைக் கழுவாமல் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. மரம் ஒழுகியது. மூன்று பேருக்கும் சேர்த்துக் கிடைத்த அந்த ஒரு மத்தியானம் கரைந்துகொண்டிருந்தது.

"போலாங்களாப்பா?" என்றாள் யாழிசை. நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம் கண்ணு" என்றார் சென்னியப்பன்.