அப்பாவுக்கு ஒன்பது போதும்

அப்பா குறட்டை விட்டால் ஜன்னல் கதவு அதிரும். வாண்டுவுக்கு அது பழகிப்போன சத்தம். அந்தச் சத்தம் நின்றுபோவதுதான் அவளுக்குப் பழகவே இல்லை. திடீரென்று குறட்டை நிற்கும். மூச்சும் நிற்கும். வாண்டு பயந்துபோய்த் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். பிறகு அப்பா திணறிக்கொண்டு "ஹக்" என்று மூச்சை இழுப்பார். அப்போதுதான் இவளுக்கு உயிர் வரும்.

இரவெல்லாம் இப்படித் தூங்கினால் பகலில் என்ன ஆகும்? தன் பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே தூங்கிப்போனார். மூக்கில் தண்ணீர் பட்ட பிறகுதான் முழித்தார். அன்றே அம்மா வண்டிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல நல்லா தூங்கி எழுந்திரிங்க. சாவிய அப்புறம் பார்க்கலாம்."

அதிலிருந்து அம்மாதான் வாண்டுவை வண்டியில் பள்ளிக்கு அழைத்துப் போனாள். அம்மா ஓட்டினால் நடந்து போகிறவர்கள்கூட முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வாண்டு தினமும் தாமதம்.

மருத்துவமனையில் அப்பாவை ஓர் இரவு தூங்கவைத்துச் சோதித்தார்கள். பிறகு ஒரு சின்ன இயந்திரத்தைக் கொடுத்தார்கள். அது ஊதும் காற்று ஒரு குழாய் வழியாக முகத்தில் மாட்டும் மாஸ்கிற்கு வரும். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் அந்தக் காற்று பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் அப்பா பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கினார்.

அப்புறம் வந்தது வினை. மாஸ்க் ஓரத்தில் புஸ் புஸ் என்று காற்று கசிந்தது. கண் எரிந்தது. வயிற்றுக்குள் காற்று புகுந்துகொண்டது. சனிக்கிழமை காலையில் அப்பா விட்ட ஏப்பத்தில் வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

"இதுக்கு என் குறட்டையே தேவல. இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார் அப்பா.

வாண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இயந்திரம் போய்விட்டால் மறுபடியும் மூச்சு நின்று நின்று வரும்.

"முதல்ல நல்லாத்தானேப்பா இருந்துச்சு. நடுவுல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

அப்பா இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னால் ஏதோ ஆகியிருக்கிறது என்று பொருள். வாண்டு போய் இயந்திரத்தின் திரையைப் பார்த்தாள். பதினைந்து என்று காட்டியது.

"இதுல ஒன்பதுதானே இருந்துச்சு? என் வயசுன்னு சொல்லிச் சிரிச்சோமே?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நம்ம கடைக்கு லாரி கொண்டு வருவாரே, அந்த லாரி மாமாகிட்டயும் இதே மெஷின் இருக்கு. அவருக்குப் பதினஞ்சாம். 'உனக்கு ஒன்பதுதானா'ன்னு ஒரு மாதிரி சிரிச்சாரு. எந்த பட்டனை அழுத்தணும்னு அவரே காட்டினாரு. காத்துதானே, கூட இருந்தா நல்லதுன்னு நானே ஏத்திட்டேன்."

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வீட்டின் முன்னறைதான் கடை. அப்பா டயருக்குக் காற்றடிக்கும் குழாயோடு போனார். வாண்டுவும் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, கூடவே அடிச்சு விடுங்க. அடிக்கடி வர முடியாது" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"அதெல்லாம் முடியாதுங்க. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அளவு இருக்கு" என்று அப்பா கறாராகச் சொல்லி, அளந்து காற்றடித்து அனுப்பினார்.

வாண்டு அதற்காகவே காத்திருந்தாள்.

"அப்பா, அந்த ஸ்கூட்டருக்கு லாரி காத்த அடிச்சிருந்தா?"

"டயர் வெடிச்சிருக்கும். உனக்குத் தெரியாதா?"

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் லாரி மாமா காத்து?"

அப்பா வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது.

மூவரும் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். மூச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. உயரமான ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்கேலால் அளந்து, ஒன்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஸ்ட்ராவைப் பிடித்தாள்.

"ஊதும்மா."

வாண்டு ஊதினாள். தண்ணீருக்குள் குமிழி வந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒன்பதுன்னா, மெஷின் காத்து இந்த ஆழம் வரைக்கும் தண்ணியத் தள்ளும்னு அர்த்தம். அப்பா தொண்டையத் திறந்து வைக்க அது போதும்."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் பார்த்து எடுத்த எண் சார் இது. குறைஞ்சா தொண்டை மூடிக்கும். கூடினா மாஸ்க்ல ஒழுகும், வயித்துல ஏறும். மாத்தணும்னா நாங்க பார்த்து மாத்தறோம். நீங்களா கை வைக்காதீங்க."

"நானும் கடையில தினம் இதத்தான் கத்தறேன்" என்றார் அப்பா. அம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அக்கா பழைய எண்ணையே வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு மாஸ்க் கசியவில்லை. பூனையும் ஓடவில்லை. மூச்சு ஒரே சீராக வந்தது. வாண்டுவும் இரவில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதை விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து லாரி மாமா கடைக்கு வந்தார். "என்னப்பா, மெஷின் எத்தனைல ஓடுது?"

"ஒன்பது."

"ஒன்பதுதானா?"

"ஆமா. என் பொண்ணு வயசு" என்று சொல்லிவிட்டு அப்பா நிம்மதியாக டயரைக் கழற்றினார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, அப்பா இனி வண்டி ஓட்டலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அம்மா பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். வாண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறி, அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா வேகமாகக்கூட ஓட்டவில்லை. ஆனாலும் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளியின் கேட்டை இன்னும் திறக்கவே இல்லை.