அவள் அழித்த தாலாட்டு

"கொஞ்சம் பார்த்து வரக் கூடாதா?"

சர்வர் அறையின் வாசலில் மோதியவன்தான் கேட்டான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தாள் அவள்... ஆனால் அந்தக் கண்கள்! ஈர இமைகளுக்குள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற கண்கள்.

பதிலுக்குக்கூட நிற்காமல் அவன் உள்ளே ஓடினான்.

பல கல்லூரிகளின் இலக்கிய, இசை ஆய்வாளர்கள் தாங்கள் சேகரித்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டுவைக்கும் பொது சர்வர் அங்கேதான் இருந்தது. அதைக் கட்டிக் காக்கும் பெண்மணியை எல்லோரும் சர்வர் அக்கா என்பார்கள்.

"அக்கா, என் ஃபோல்டரைக் காணோம். தாலாட்டுன்னு பேரு. அப்பாக்கள் பாடின தாலாட்டு எல்லாம் அதுலதான் இருந்துச்சு..."

"வேற காப்பி இல்லையாப்பா?"

"லேப்டாப் போன மாசமே செத்துப்போச்சு. எங்க அப்பா பாடினதும் அதுல இருக்குக்கா. அவர் போனப்புறம் அந்தக் குரல் வேற எங்கேயும் இல்ல."

பின்னாலேயே உள்ளே வந்த அவள் காதிலும் அது விழுந்தது.

அவளும் தாலாட்டு ஆய்வுதான். தாய்மார் பாடியவை. இடம் போதவில்லை, வேண்டாததை நீக்குங்கள் என்று அக்கா அறிவித்ததால், காலையில் சர்வரில் தன் பக்கத்தைச் சுத்தம் செய்தாள். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று தன்னுடைய பழைய நகல் என்று நினைத்து, திறந்துகூடப் பார்க்காமல் அழித்தாள். அந்தப் பெருமையைச் சொல்லத்தான் இப்போது வந்ததே!

அடுத்தவர் சேகரிப்பை அழித்தால் சர்வருக்குள் மறுபடி நுழைய முடியாது. பாதி எழுதிய ஆய்வு அம்போ. இந்த வருஷம் முடிக்காவிட்டால் படித்தது போதும் என்று அம்மா வேறு கறாராகச் சொல்லியிருந்தாள்.

"வெளியூர்ல ஒரு நகல் இருக்கும்," என்றார் அக்கா. "ஆனா எந்த இடத்துலேர்ந்து எப்ப போச்சுன்னு தெரியணும். மத்தியானம் புது நகல் ஏறிடுச்சுன்னா பழசு போயிடும். அப்புறம் என்னாலயும் முடியாது."

அவன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் நடுங்கறீங்க? நனைஞ்சது நான்தானே?"

அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைக் கொன்றது. சொன்னால் இந்தக் கண்கள் இனி எப்படிப் பார்க்கும்? சொல்லாவிட்டால்... ஒரு அப்பாவின் குரல் இன்னொரு முறை செத்துப்போகும்.

"நான்தான்..." அக்கா பக்கம் திரும்பினாள். "என் பக்கத்துலேர்ந்து, காலைல பத்து மணிக்கு. என்னோடதுன்னு நினைச்சு அழிச்சுட்டேன்."

அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் பாய்ந்தன. அவன் திரையையே பார்த்தான். திட்டினால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

"அது உங்க பக்கத்துக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கவே இல்லையே?" என்றான் கடைசியில்.

"எப்படி?"

"நான்தான் அதை உங்க பக்கத்துலயும் தெரியற மாதிரி வெச்சேன். உங்க பதிவுகளை மாசக்கணக்கா கேக்கறேன். ஒவ்வொரு பாட்டும் முடிஞ்சதும் 'தூங்கிட்டானா?'ன்னு அந்த அம்மாகிட்ட மெதுவா கேப்பீங்களே... அந்தக் குரலுக்காகவே. நேர்ல பேச பயம். என்னோடதை நீங்க கேட்டா போதும்னு நினைச்சேன். கேக்க மட்டும் அனுமதி கொடுக்கறதுக்குப் பதிலா, அழிக்கவும் சேர்த்துக் கொடுத்துட்டேன்."

"அப்ப தப்பு உன்மேலதான்," என்றார் அக்கா திரும்பாமலே. "அவ உள்ளே வர்ற அனுமதியில நான் கை வைக்கல. பேசாம இருங்க ரெண்டு பேரும். வருதான்னு பார்ப்போம்."

கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஈரமான ஒரு கை அவள் கையைப் பற்றியது.

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு... சுருதியே சேராத ஒரு முரட்டுக் குரல், ரொம்பப் பிரியமாக, தாலாட்டுப் பாடியது.

அவன் குலுங்கி அழுதான். பாட்டு முடிந்தபோது, பழக்க தோஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"தூங்கிட்டானா?"

"இல்ல," என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க குரலைக் கேட்டதுலேர்ந்தே தூக்கம் போச்சு. உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவள் கையை விலக்கிக்கொள்ளவில்லை. "எனக்கும்..." என்றாள்.